எல்லார் காதிலும் அண்ணி

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றி நாலு குறையாவது சொல்ல வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. எனக்கும் ஆசைதான். உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறைவாகப் போடுவாள். துணியை மடிக்கச் சொன்னால் சுருட்டி வைப்பாள். யாராவது ஒரு வேடிக்கைக் கதையை ஆரம்பித்தால் அதன் முடிவை இவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். ஆனால் அவள் குரலில் மட்டும் என்னால் ஒரு குறை கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இந்தக் கதையில் அவளுக்கு நேர்ந்த கஷ்டமெல்லாம் அந்தக் குரலால் வந்ததுதான்.

அண்ணனும் அண்ணியும் மாடியில் இருக்கிறார்கள். கீழே நானும் என் வீட்டுக்காரரும். என் வீட்டுக்காரருக்கு வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. மற்ற மூன்று பேருக்கும் நெடுஞ்சாலையை ஒட்டிய குடோனில் வேலை. நீங்கள் கடையில் வாங்குகிற சோப்பு, பல்பு, பிஸ்கட், பேனா எல்லாம் எங்களிடம் வந்து கொஞ்ச நாள் தங்கிவிட்டுத்தான் உங்களிடம் வரும். ஒரு பக்கம் லாரிகள் சரக்கை இறக்கும், மறுபக்கம் வேறு லாரிகள் ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு இரும்பு ரேக்குகள். அண்ணன் அந்த ரேக்குகளுக்கு நடுவே நடந்து பெட்டி எடுக்கிறவன். நான் திரும்பி வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்கிறவள். அண்ணி வாசல் பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த லாரி எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று கூப்பிடுவாள். அவளை எல்லோரும் மைக்கக்கா என்பார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவளுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். வண்டி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டாள். "மூணாவது கதவு டிரைவர் அண்ணே, தூக்கம் போதும், வண்டி உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்பாள். மழை பெய்தால், "எல்லாரும் பாத்து நடங்க, தரை வழுக்குது, விழுந்தா தூக்கிவிட எனக்குத் தெம்பில்ல" என்பாள். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்துக் களைத்து வந்த டிரைவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார்கள். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டு, கண்ணாடி அறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. "அங்க என்னண்ணே பாக்கறீங்க, அவ புருஷன் உள்ளதான் இருக்கான்" என்று காவலாளி விரட்டுவார்.

பிறகு ஹெட்செட் வந்தது. பெட்டி எடுக்கிறவர்கள் எல்லோரும் அதைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். எந்த ரேக்கு, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி என்று அது காதில் சொல்லும். எடுத்து முடித்ததும் "சரி" என்று சொன்னால் அடுத்ததைச் சொல்லும். கையில் காகிதம் வேண்டாம், கண்ணைத் திரையில் வைக்க வேண்டாம். நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதில் யாருடைய குரலை வைப்பது என்று ஹெட்செட் செய்கிற கம்பெனியிலிருந்து முதுகுப்பையோடு வந்த இளம் பெண் பொறியாளர் கேட்டாள். இயந்திரக் குரல் ஒன்று போட்டுக் காட்டினாள். அது செத்தவன் கையில் வெற்றிலை கொடுத்த மாதிரி உயிரில்லாமல் இழுத்தது. ஆளாளுக்கு ஒரே பேச்சு: "எங்க மைக்கக்கா குரலை வைங்க."

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. சரக்கு வைக்கும் அறை ஒன்றில் சுவர் முழுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டு அவளை உட்கார வைத்தார்கள். எண்கள், ரேக்கு எழுத்துகள், "எடுங்க", "வைங்க", "நில்லுங்க" என்று சொல்ல வைத்தார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பழைய செய்தித்தாள்களையும் மருந்து டப்பாவில் ஒட்டிய குறிப்புகளையும் வாசிக்கச் சொன்னார்கள். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "உங்க குரல் எப்படி ஏறி இறங்குதுன்னு இயந்திரத்துக்குப் புரியணும்க்கா" என்றாள் பொறியாளர். நீட்டிய இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலம் தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதல் சில மாதங்கள் ஒரே கொண்டாட்டம். "வீட்டுலயும் அவதான், வேலையிலயும் அவதான். நான் எங்கடா போய் ஒளியறது?" என்று அண்ணன் ஊரெல்லாம் புலம்பினான். புலம்பல் மாதிரித் தெரியும், அத்தனையும் பெருமை. நான் ஒருமுறை பெட்டி எடுக்கும் வேலைக்கு ஆள் குறைந்து போயிருந்தபோது ஹெட்செட் மாட்டினேன். காதுக்குள் அண்ணி நிதானமாக வழி சொன்னது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் ஹெட்செட்டில் ஏதோ புதுப்பித்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அதுவரை வழி மட்டும் சொன்ன குரல், அன்றிலிருந்து ஆளை அளக்க ஆரம்பித்தது. ஒருவர் நடப்பது, நிற்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அதற்குத் தெரிந்தது. "உங்க வேகம் குறையுது" என்றது. "இடைவேளை முடிஞ்சிடுச்சு" என்றது. "மத்தவங்க உங்களைவிட முன்னால இருக்காங்க" என்றது. கை தவறிப் பக்கத்துத் தட்டுக்குப் போனால் "நில்லுங்க" என்றது. பத்தடிக்கு ஒரு "நில்லுங்க." அத்தனையும் அண்ணியின் குரல். அந்த இனிமை, அந்த இழுப்பு, வாக்கியத்தின் கடைசியில் வருகிற சின்னச் சிரிப்பு உட்பட.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால் அண்ணிக்கு ஹெட்செட் கிடையாது. கண்ணாடி அறையில் இருப்பவளுக்கு எதற்கு அது? ஊருக்கே கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்கள் மாறியதுதான். சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று பசி அடங்கிவிடும். வழக்கமாக வம்பு பேச வரும் பெண்கள் கண்ணாடி அறையைத் தாண்டும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். யாரும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. அது இயந்திரம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? காலை முதல் காதுக்குள் குத்துகிற குரல், சோற்றுக்கு எதிரிலும் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் இறங்கும்?

வீட்டில் இன்னும் மோசம். அண்ணி "என்னங்க" என்றால் அண்ணனின் தோள் தூக்கிப்போடும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் "சரி" என்பான். சாப்பிட்டீர்களா என்றாலும் "சரி"தான். பேச்சை முடித்து அனுப்புகிற "சரி" அது, குடோனில் சொல்கிற அதே "சரி." வேலை விட்டு வந்ததும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வான். நான் போய், "என்னண்ணா, மனைவிக்குப் பயந்து படியில குடித்தனமா?" என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அவ மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவ நல்லவதான், எனக்குத் தெரியாதா? ஆனா நான் சொல்றதை என் காது கேக்க மாட்டேங்குது. அவ வாயைத் திறந்தா நான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரியே இருக்கு."

அண்ணி முட்டாள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் பேச்சைக் குறைத்தாள். தட்டை நகர்த்திக் காட்டுவாள், கையால் கூப்பிடுவாள், கதவைத் தட்டுவாள். வாய் ஓயாத ஒருத்தி தன் வீட்டில் ஊமை மாதிரி நடமாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இல்லாத குறையெல்லாம் சொல்லி நான் அவளைச் சண்டைக்கு இழுத்தும் பார்த்தேன். பலிக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அண்ணனின் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு போய் அவள் தலையில் மாட்டிவிட்டேன்.

அவள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி அறையில் அப்படியே நின்றாள். இடைவேளை முடிந்ததும் அது ஆரம்பித்திருக்க வேண்டும். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதை நான் சொல்லவே இல்லையே. 'மத்தவங்க முன்னால இருக்காங்க'ன்னு நான் எப்ப சொன்னேன்? என் வாயில இப்படி வருமா?"

"நீங்க சொல்லல அண்ணி. உங்க வார்த்தைகளை வெட்டி ஒட்டியிருக்காங்க."

"இதையா இவரு தினமும் கேக்கறாரு?" என்றாள். தன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மேனேஜரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், வேலை மட்டும் நடக்காது. "மைக்கக்கா, இதையே இயந்திரக் குரல்ல சொன்னா ஆளுங்க கழட்டி வீசிடுவாங்க. நீங்க சொன்னா யாருக்கும் கோபம் வராது, அதான் வச்சிருக்காங்க. இது உங்களுக்குப் பெருமைதானே?" என்றார். அடுத்த முறை புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த அடுத்த முறை வருவதற்கு முன்னால் சோப்புப் பெட்டிகள் விழுந்தன.

உள்ளே இருந்த ஒலிபெருக்கிகளை அதற்குள் கழற்றிவிட்டார்கள். ஆளுக்கொரு ஹெட்செட் இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டார்கள். அதனால் உள்ளே இருப்பவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அண்ணி எழுந்து நடந்து போக வேண்டும். அன்று தவறான சரக்கோடு வந்த லாரி ஒன்றைப் பற்றிச் சொல்ல சூப்பர்வைசரைத் தேடி ரேக்குகளுக்குள் போனாள். நான் அவள் பின்னாலேயே ஒரு தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தேன். பக்கத்து ரேக்குச் சந்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று சோப்புப் பெட்டிகளை மேல்தட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்து, மேல்வரிசை இந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. கீழே இந்தச் சந்தில் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"நில்லுங்க!" என்று அண்ணி கத்தினாள். அந்தக் கண்ணாடி அறைக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மூன்று பேரும், "சரி" என்றார்கள். மூன்று பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

கடவுள் புண்ணியத்தில் முதல் பெட்டி அவர்களுக்கு முன்னால் விழுந்தது. சத்தத்தில் மற்ற இருவரும் பின்னால் குதித்தார்கள். அண்ணன் முன்னால் நடந்தவன். இரண்டாவது பெட்டி அவன் பாதத்தில் இறங்கியது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. பாதத்தில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வந்தவன், அண்ணியின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"கேட்டுச்சு. நீ கத்தினது நல்லாவே கேட்டுச்சு. அது நீதான்னு தோணல."

அண்ணி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நீளமான கூடம். வரிசையாக நாற்காலிகள், மருந்து நெடி. காலைப் பார்க்க அண்ணனை உள்ளே அழைத்துப் போனார்கள். அண்ணி கவுன்டரில் போய், "பாதத்துல அடிபட்டவருக்கு எக்ஸ்ரே எங்கங்க எடுப்பாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பின்வரிசையில் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் விருட்டென்று நிமிர்ந்து, கண்ணைக்கூடத் திறக்காமல், "சரி" என்றார்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் போட்டிருந்தது எங்கள் கம்பெனிச் சட்டை இல்லை. வேறு ஏதோ கம்பெனியின் பச்சைச் சட்டை. மணிக்கட்டில் கட்டு. விழித்துக்கொண்டு அண்ணியையே பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க... காதுல பேசறவங்களா?"

அண்ணி அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்த குடோன் என்று கேட்டாள். நாங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத இடம் ஒன்றைச் சொன்னார். அங்கேயும் அதே ஹெட்செட், அதே குரல். தன் மைத்துனன் வேலை செய்யும் இன்னொரு இடத்திலும் அதுதானாம்.

"நெசமா ஆள் இருக்கீங்கன்னு நாங்க நினைக்கலம்மா" என்றவர், சிரிக்க முயன்று, "எங்க மேல உங்களுக்கு என்னதான் கோபம்?" என்று கேட்டார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் பாதி வேடிக்கைதான். அண்ணிக்கு அது புரிந்தது. இத்தனை நாள் வராத அழுகை அங்கே வந்தது. அந்த மனிதர் பாவம், அடிபடாத கையால் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

நாலைந்து நாளில் பொறியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கம்பெனி அனுப்பி வரவில்லை, தானாக வந்தாள். காலை நீட்டிப் படுத்திருந்த அண்ணனைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். நான் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தேன். அண்ணி கண்ணாலேயே என்னை அடக்கி, அவளுக்கு நாற்காலி போட்டாள்.

"எந்தக் குரல்ல சொன்னா ஆளுங்க சீக்கிரம் கேக்கறாங்கன்னு அளந்தோம்க்கா. உங்க குரலுக்குத்தான் ரொம்பச் சீக்கிரம் கேட்டாங்க. ஏன் கேக்கறாங்கன்னு யாரும் யோசிக்கல. உங்களைப் பிடிச்சதாலதான் கேட்டாங்க. அந்தப் பிரியத்தை நாங்க செலவு பண்ணித் தீத்துட்டோம்."

"நான் ஒண்ணு கேக்கறேன் கண்ணு. ஒரு கத்தியைச் செஞ்சா பிடி ஒரு பக்கம், கூர் ஒரு பக்கம்னு வைக்கறோம்ல? இதுல எது எந்தப் பக்கம்னு யார் பாத்தது?" என்று அண்ணி கேட்டாள்.

"நான் என்னக்கா செய்யணும்?" என்றாள் பொறியாளர்.

அண்ணிக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. தான் சொல்லாத எதையும் தன் குரல் சொல்லக் கூடாது. வழி காட்டட்டும், திட்ட வேண்டாம். "நில்லுங்க" என்ற வார்த்தையை இயந்திரத்திடமிருந்து எடுத்துவிட வேண்டும். தப்பான பெட்டி என்றால் மணி அடிக்கட்டும், பீப்பி ஊதட்டும். நிற்கச் சொல்வது மனிதர்களுக்கு மட்டும் மிச்சம் இருக்கட்டும்.

அந்தப் பெண் போய் மேலிடத்தில் சண்டை போட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. விபத்து நடந்ததால் பாதுகாப்பு அதிகாரிகளும் வந்து கேள்வி கேட்டார்கள். மூன்று பேர் "சரி" சொன்னதை நானும் சொன்னேன், அந்த மற்ற இருவரும் சொன்னார்கள். எங்கள் குடோனில் திட்டு நின்றது. "நில்லுங்க" போய் மணிச் சத்தம் வந்தது. எல்லா ஊரிலும் "நில்லுங்க" போய்விட்டதாம். உள்ளே ஒலிபெருக்கிகளை மறுபடி மாட்டினார்கள். ஆனால் மற்ற குடோன்களில் வேகத்தைச் சொல்லும் வாக்கியங்களை உடனே எடுக்க முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது, வேறு குரல் தயாராகச் சில மாதம் ஆகும் என்றார்கள். பொறியாளர் அதைச் சொல்லும்போது தலை குனிந்திருந்தாள்.

"அதுவரைக்கும் அவங்க காதுல நான்தானே?" என்றாள் அண்ணி. "அப்போ இன்னொரு வாக்கியம் பதிவு பண்ணிக்கோ. வேலை ஆரம்பிக்கும்போது முதல்ல அது வரணும்."

மறுபடியும் அதே அறை, அதே கம்பளிகள். நான் கூடப் போயிருந்தேன். அண்ணி எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வணக்கம். இப்ப உங்ககிட்ட பேசறது இயந்திரம். குரல் மட்டும் என்னுது. இது என்ன சொன்னாலும் நான் சொன்னதா நினைக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாத்து வேலை செய்யுங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று பொறியாளர் கேட்டாள். வேண்டாம், உடைந்தது உடைந்ததாகவே போகட்டும் என்றாள் அண்ணி.

இத்தனைக்குப் பிறகும் மாடியில் சத்தமில்லை. அண்ணி வாய் திறக்காமலே சோறு வைத்தாள், மாத்திரை கொடுத்தாள், தலையணையை அண்டக் கொடுத்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சாயங்காலம் நான் துவைத்த துணியைக் கொடுக்க மேலே போனபோது அவன் கேட்டுவிட்டான்.

"ஏதாவது பேசேன்."

"என்ன பேசட்டும்?" என்றாள் அவள், மெதுவாக.

அந்தச் சின்னக் கேள்விக்கே அவன் தோள் தூக்கிப்போட்டது. மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் பார்த்துவிட்டாள். அப்படியே திரும்பிச் சமையலறைப் பக்கம் போனாள்.

"ஏய், போகாத" என்றான். "இங்க வா. திட்டு."

"என்னது?"

"என்னைத் திட்டு. அந்த மெஷின் திட்டினதுதான் உன் திட்டுன்னு என் காது பழகிடுச்சு. நீ நெசமா திட்டினா எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியாது. நல்லாத் திட்டு. என் காது அதைப் பிடிச்சுக்கட்டும்."

அண்ணி நின்றாள். நான் துணியை நாற்காலியில் வைத்துவிட்டு நழுவிக் கீழே இறங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என்ன என்பது போல் பார்த்தார். சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. ஈரத் துண்டைப் படுக்கையில் போடுவது. பிறகு மூடி போடாத எண்ணெய்ப் பாட்டில். பிறகு அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தது. அதற்கப்புறம் மடை திறந்துவிட்டது. "படியில போய் உக்காந்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, நான் உள்ள என்ன ஆனேன்னு ஒரு நாள் கேட்டீங்களா" என்று அழுகையும் ஆத்திரமுமாக, ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, எந்த இயந்திரமும் ஒட்டித் தைக்க முடியாத குரலில் தெரு முழுக்கக் கேட்கத் திட்டினாள். நடுநடுவே அண்ணன், "ம்... இன்னும்... இன்னும்" என்று சொல்வது கேட்டது. நடுவில் என்னைப் பற்றியும் நாலு வார்த்தை வந்தது. எனக்கு அதற்கும் சந்தோஷம்தான்.